கடைசி அறைக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது

தலைப்பைக் கேட்டதும் இது வழக்கறிஞர்களுக்கான பேச்சு என்று பின்வரிசையில் இருவர் எழும்பப் பார்த்ததைக் கண்டேன். இருங்கள். இது பிள்ளை பெற்ற வீடுகளுக்கான பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன், பெருந்தொற்று வருவதற்கு முந்திய காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தங்கை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நீள உறை. லண்டன் நீதிமன்றங்களில் முப்பது வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்பதால், எங்கள் பக்கத்தில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அது கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். கவுன்சில் வரி, பள்ளிக்கூடம், ஹோம் ஆபீஸ், எல்லாம். இது வேறு மாதிரி. அவருடைய பிரசவத்தைப் பார்த்த மருத்துவிச்சி ஒருவர்மேல் விசாரணை நடக்கிறது, சாட்சி சொல்ல வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. விசாரணை வழக்கமாகப் பகிரங்கமாக நடைபெறும்.

"அண்ணை, ஆரும் வந்து இருந்து பாப்பினமோ?" என்று கேட்டார். "என்ர பிள்ளைப்பேற்றுக் கதையை சனத்துக்கு முன்னால சொல்லவோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. குற்றவியல் நீதிமன்றம் தெரியும், குடும்ப நீதிமன்றம் தெரியும், குடிவரவுத் தீர்ப்பாயம் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். இந்த விசாரணைக்குள் நான் காலடி வைத்ததில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், ஒரு கிழமை தவணை கொடு தங்கச்சி என்றேன். இன்றைய பேச்சு அந்த ஒரு கிழமையில்தான் தொடங்கியது.

கடிதம் அனுப்பியது நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். சுருக்கமாக என்.எம்.சி. 2002 முதல் இயங்குகிறது. இந்தியாவில் இதே மூன்று எழுத்து தேசிய மருத்துவ ஆணையத்தைக் குறிக்கும், அதைப்பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்வேன். இங்குள்ள என்.எம்.சி.யின் பதிவேட்டில் 8 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் தாதியர், ஒரு சிறு பங்கினர் மருத்துவிச்சிகள். அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்த நாட்டில் எவரும் மருத்துவிச்சியாகத் தொழில் செய்ய முடியாது. அதன் லண்டன் விசாரணை மையம் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலில் அருச்சனை முடித்துவிட்டு பஸ் ஏறினால் பிரசாதம் ஆறுவதற்குள் போய்விடலாம். நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்?

ஒரு சொல்லைப்பற்றிச் சொல்லாமல் மேலே போக என் தொழில் விடாது. தமிழில் மருத்துவனுக்குப் பெண்பால் சொல் மருத்துவிச்சி. ஆனால் அந்தச் சொல்லை நாம் பேறு பார்ப்பவளுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம். ஊரில் பெண்ணுக்கு வைத்தியம் என்றால் அதுதான் முதல் வைத்தியம். இலங்கை ஆஸ்பத்திரிகளில் மருத்துவ மாது என்பார்கள், தமிழ்நாட்டில் மருத்துவச்சி என்பார்கள். எல்லாவற்றிலும் மருத்துவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அது இல்லை.

இன்னொரு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இந்த விசாரணைகளுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயரை நேரடியாகத் தமிழில் சொன்னால் 'தொழில் செய்யும் தகுதி' என்று வரும். தகுதி என்றதும் தங்கை, "அவவுக்கு சேர்ட்டிபிக்கற் இல்லையோ?" என்றார். இல்லை, சான்றிதழ் இருக்கிறது. கேள்வி வேறு. இன்னொரு தாயின் பிள்ளைப்பேற்றை நாளைக்கு இவர் கையில் நம்பி ஒப்படைக்கலாமா? நடந்ததற்குத் தண்டனை கொடுப்பது இந்த விசாரணையின் வேலை அல்ல. இதை அவருக்கு விளக்க எனக்கு இரண்டு கோப்பைத் தேநீர் தேவைப்பட்டது. அதன் பிறகு அவர் முகத்தில் பயம் கொஞ்சம் குறைந்தது. அந்த மருத்துவிச்சியை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறோம் என்று அவர் நினைத்திருந்தார்.

சரி, போனேன். வேறொரு மருத்துவிச்சியின் வழக்கு, வேறொரு ஆஸ்பத்திரி. ஆளையும் ஊரையும் சொல்லப்போவதில்லை.

நீதிமன்றம் மாதிரி எதுவும் இல்லை. அலுவலகக் கட்டடத்தில் ஒரு கூட்ட அறை. விக் இல்லை, அங்கி இல்லை. எதிரே மூன்று பேர் கொண்ட குழு. அந்த மூவரில் ஒருவராவது பதிவு பெற்ற தாதியாகவோ மருத்துவிச்சியாகவோ இருக்க வேண்டும், ஒருவராவது அந்தத் தொழிலோடு சம்பந்தமில்லாத வெளியாளாக இருக்க வேண்டும். சட்டம் சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் தனியாக இருந்தார். பார்வையாளருக்குச் சுவரோரம் நாலைந்து கதிரைகள். நானும், மருத்துவிச்சிப் படிப்பு படிக்கும் ஒரு மாணவியும் இருந்தோம். மீதிக் கதிரைகளில் எங்கள் குளிர்கோட்டுகள்.

அன்றைக்குத் தர்க்கம் முழுவதும் ஏழு நிமிடத்தைப் பற்றியது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சிடிஜி தாளில் அச்சான நேரம் ஒன்று. மருத்துவிச்சி குறிப்பேட்டில் கையால் எழுதிய நேரம் இன்னொன்று. டாக்டரைக் கூப்பிட்டது துடிப்பு இறங்குவதற்கு முன்பா பின்பா என்பது அந்த ஏழு நிமிடத்தில் தொங்கியது. என்.எம்.சி.யின் வழக்கறிஞர் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிக் கேட்டார். பிறகு குழுவில் இருந்த வெளியாள், ஒரு வயதான அம்மா, ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினீர்கள்?

மருத்துவிச்சியின் வலது கை தானாக இடது மார்புக்குப் போனது. தாதியரும் மருத்துவிச்சிகளும் உடுப்பில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் சின்ன மணிக்கூடு இருக்கிறதே, அதைத் தேடி. அன்று அவர் சாதாரண உடுப்பில் வந்திருந்தார். அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் அந்த வெற்றுத் துணியைப் பிடித்தபடி நின்றன. "இதை," என்றார். சிடிஜி இயந்திரத்தின் மணிக்கூட்டையும் அவர் உடுப்பில் இருந்த மணிக்கூட்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அறையில் எல்லோருக்கும் விளங்கியது. பக்கத்தில் இருந்த மாணவி தன் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு மருத்துவிச்சியின் உடல்நலம் பற்றிய பேச்சு வந்தது. உடனே எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்கள். ஒரு இருபது நிமிடம் தாழ்வாரத்தில் நின்றோம், பிறகு கூப்பிட்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் எனக்கு இல்லை.

விதி இதுதான். விசாரணை பகிரங்கம். ஒருவருடைய உடல்நலமோ மனநலமோ பற்றிய பகுதி தனி அறையில். அதற்கு மேலும், சாட்சியின் நலனுக்கோ நோயாளியின் நலனுக்கோ தேவை என்று குழு கருதினால் அந்தப் பகுதிக்கும் கதவைச் சாத்தலாம். தாய் 'நோயாளி ஏ', பிள்ளை 'குழந்தை ஏ', உடன் வேலை செய்தவர் 'சக ஊழியர் பி'. பெயர் வெளியே வருவது பதிவேட்டில் இருப்பவருக்கு மட்டும்தான். முடிவும் அதற்கான காரணங்களும் எழுத்தில் வெளியாகும். நான் பார்த்த வழக்கின் முடிவைப் பிறகு இணையத்தில் படித்தேன். அந்த ஏழு நிமிடக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஏன் நிரூபிக்கப்படவில்லை என்பதற்கு நெருக்கமாக அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அறை மூடியிருந்தால், தம்மாளைத் தாமே காப்பாற்றிவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசியிருக்கும்.

கதவைத் திறப்பதும் சாத்துவதும் இந்த நாட்டில் பழைய சண்டை. 1913 இல் பிரபுக்கள் சபையின் முன் ஒரு வழக்கு வந்தது, ஸ்காட் எதிர் ஸ்காட். மனைவி தன் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். விஷயம் படுக்கையறை சம்பந்தப்பட்டது என்பதால் மூடிய அறையில் விசாரித்தார்கள். தீர்ப்பு மனைவி பக்கம். ஆனால் வெளியே அவரைப் பற்றி வேறு கதை உலவியது போலும். அவர் விசாரணைக் குறிப்பின் நகலைக் கணவனின் உறவினருக்கு அனுப்பிவைத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று பிடித்தார்கள். பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. கூச்சமான விஷயம் என்ற ஒரே காரணத்துக்காக நீதியை மூடிய அறையில் வைக்க முடியாது என்றது. நூறு வருடத்துக்கு மேலாகியும் இங்குள்ள ஒவ்வொரு நீதிமன்றமும் தீர்ப்பாயமும் இந்த வழக்கைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. மூடிய அறையில் நடந்ததை வெளியே கொண்டுவந்தது, கூச்சப்பட வேண்டியவர் என்று மற்றவர்கள் நினைத்த அந்தப் பெண்தான்.

மருத்துவிச்சிகளை விசாரிக்கும் கதையும் பழையதுதான். அவர்களுக்கு இந்த நாட்டில் முதல் சட்டம் 1902 இல் வந்தது, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். 1905 இலிருந்து சான்றிதழ் இல்லாத எவரும் மருத்துவிச்சி என்ற பெயரைச் சூடிக்கொள்ளக் கூடாது என்றார்கள். அவர்களை மேற்பார்வை செய்ய ஒரு மத்திய சபை அமைத்தார்கள். அந்தச் சபையில் ஒரு மருத்துவிச்சியாவது இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை! பரிசோதகர்கள் வீட்டுக்கே வந்து பையையும் குறிப்பேட்டையும் பார்த்தார்கள். இப்படி ஒருவரை ஒருவர் நம்பாமல் தொடங்கிய கதை இது.

இனி, நான் இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டதன் காரணம்.

வடமேற்கு இங்கிலாந்தில் பரோ என்ற கடலோர ஊர். அங்கே ஃபர்னஸ் பொது ஆஸ்பத்திரி. 2008 இல் அங்கே பிறந்த ஒரு ஆண்குழந்தை ஒன்பதாம் நாள் இறந்தது. நேரத்துக்கு மருந்து கொடுத்திருந்தால் குணமாகியிருக்கக்கூடிய கிருமித்தொற்று. பிள்ளையின் உடல் வெப்பம் குறைந்திருந்தது, அதன் பொருளை உணரவில்லை என்று மருத்துவிச்சிகள் சொன்னார்கள். வெப்பநிலை எழுதிய தாள் காணாமல் போய்விட்டது. தகப்பன் விடவில்லை. வருடக்கணக்காகக் கதவு கதவாகத் தட்டினார். கடைசியில் அரசு டாக்டர் பில் கர்க்கப் தலைமையில் ஒரு விசாரணை வைத்தது. 2015 மார்ச்சில் அறிக்கை வந்தது. 2004 முதல் 2013 வரை அந்த ஆஸ்பத்திரியில் நடந்த மரணங்களில் 11 குழந்தைகளையும் ஒரு தாயையும் வேறுவிதமான கவனிப்பு காப்பாற்றியிருக்கக்கூடும் என்றது. எப்பாடுபட்டாவது சுகப்பிரசவம் என்று மருத்துவிச்சிகளின் ஒரு குழு பிடிவாதமாக நின்றதையும், தவறு நடந்தபோது ஒருவரை ஒருவர் மறைத்ததையும் அது எழுதியது.

என்.எம்.சி.க்கு முதல் புகார் 2009 இலேயே போய்விட்டது. கடைசி மருத்துவிச்சியின் வழக்கு முடிய ஏறக்குறைய 8 வருடம். இந்த ஒழுங்காற்று அமைப்புகளுக்கெல்லாம் மேலே ப்ரொஃபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி என்று ஒன்று இருக்கிறது. என்.எம்.சி. இந்த வழக்குகளை எப்படிக் கையாண்டது என்று அது ஆராய்ந்து 2018 மே மாதம் அறிக்கை விட்டது. உள்ளூர்ப் பொலிசார் 2012 இல் கொடுத்த தகவலை வைத்துக்கொண்டு என்.எம்.சி. சுமார் இரண்டு வருடம் ஒன்றும் செய்யவில்லை. மகனைப் பறிகொடுத்த பெற்றோர் நடந்ததைக் கால வரிசையாக எழுதிக்கொடுத்த குறிப்பை உரியபடி எடுத்துப் பார்க்கவில்லை. குடும்பங்களை மரியாதையாக நடத்தவில்லை. அறிக்கை வெளியாகும் முன்னரே என்.எம்.சி.யின் தலைமை நிர்வாகி பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மருத்துவிச்சிகளின் விசாரணைகள் பகிரங்கமாகத்தான் நடந்தன. பத்திரிகைக்காரர் போனார்கள், குடும்பங்கள் போயின. கடைசி அறையின் கதவு திறந்துதான் இருந்தது. அந்த எட்டு வருடமும் கழிந்தது அதற்கு முந்திய அறைகளில். அங்கே பார்வையாளர் கதிரை கிடையாது.

அந்த முந்திய அறைகள் எவை? புகார் வந்ததும் முதலில் ஒரு வடிகட்டல். அங்கேயே பெரும்பகுதி முடிந்துவிடும். தாண்டியவை விசாரித்து ஆராயப்பட்டு, 2015 முதல் வழக்குப் பரிசோதகர் இருவரிடம் போகும். ஒருவர் தொழிலில் இருப்பவர், மற்றவர் வெளியாள். அவர்கள் கடதாசியில் படித்து முடிவெடுப்பார்கள். விசாரணைக்கு அனுப்பவும் செய்யலாம், எச்சரிக்கையோடு விட்டுவிடவும் செய்யலாம், சில உறுதிமொழிகளை வாங்கிக்கொண்டு மூடவும் செய்யலாம். அதையும் தாண்டியதில்கூட, மருத்துவிச்சி விசாரணை கேட்காவிட்டால் குழு கூடிக் கடதாசியிலேயே தீர்த்துவிடலாம். அந்தக் கூட்டத்துக்குப் பார்வையாளர் இல்லை. 2018 இல் என்.எம்.சி. இதையே கொள்கையாக்கியது. முக்கியமான விஷயத்தில் உண்மையான தகராறு இருந்தால் ஒழிய, முழு விசாரணை தேவையில்லை என்பது அதன் சாரம்.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. செலவு, தாமதம், சாட்சிகளின் வேதனை. தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட ஒருவரை ஐந்து நாள் கதிரையில் இருத்திவைத்து என்ன காண்பது? இதெல்லாம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பகிரங்க விசாரணைக்கான உரிமை சட்டத்தில் அப்படியே இருக்க, அந்த அறைக்கு வரும் வழக்குகளைக் குறைத்துக்கொண்டே போவதைத் திறந்த நிர்வாகம் என்று என்னால் சொல்ல முடியாது. கதவை யாரும் பூட்டவில்லை. அறையைத்தான் சின்னதாக்குகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இந்த மண்டபத்தில் தாதியர் பலர் இருக்கிறீர்கள். என்.எம்.சி.யில் இருந்து ஒரு உறை வந்தால் வீட்டில் சோறு இறங்காது என்பது எனக்குத் தெரியும். வருடம் தோறும் புகாருக்கு உள்ளாகிறவர்கள் பதிவேட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஒருவராக நாம் இருந்தால் சதவீதம் ஆறுதல் தராது. கறுப்பினத்தவரையும் ஆண்களையும் முதலாளிகள் அவர்களுடைய எண்ணிக்கைக்கு மிஞ்சிப் புகார் செய்கிறார்கள் என்று என்.எம்.சி.யின் சொந்த ஆய்வே சொன்னது. 2024 ஜூலையில் நசீர் அஃப்சால் தலைமையில் வந்த அறிக்கை அந்த அமைப்புக்குள்ளேயே இனவாதமும் மிரட்டலும் இருப்பதாக எழுதியது. விசாரணையின் நிழலில் இருந்த சிலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதையும் அது பதிந்தது. அப்படியிருக்க, பெயரை இணையத்தில் போட்டு எல்லோரையும் வந்து பார்க்கச் சொல்வது கொடுமை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம்.

கேட்கவேண்டிய கேள்விதான். நான் விசாரித்த மட்டில், அவர்களை அரித்தது பகிரங்க விசாரணை நடந்த அந்தச் சில நாட்கள் அல்ல. அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடம். யார் என்ன சொன்னார்கள், யார் கையில் கோப்பு இருக்கிறது, எப்போது முடியும் என்று ஒன்றும் தெரியாமல் காத்திருந்த காலம். பரோவின் பெற்றோரை வாட்டியதும் அதே மூடிய அறைகள்தான். தாயும் மருத்துவிச்சியும் ஒரே தாழ்வாரத்தில், ஒரே கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். இனவாதத்தோடு புகார் எழுதிய முதலாளியின் எழுத்து முதல் அறையிலேயே வெளிச்சத்துக்கு வந்தால் அது யாருக்கு நல்லது?

இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதாகச் சொன்னேன். அங்குள்ள என்.எம்.சி., 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மாநில மருத்துவக் கவுன்சிலின் முடிவை எதிர்த்து முதலில் ஆணையத்தின் கீழுள்ள ஒழுக்கவியல், மருத்துவப் பதிவு வாரியத்திடமும் பிறகு ஆணையத்திடமும் மேல்முறையீடு செய்யும் உரிமையை அதன் 30 ஆம் பிரிவு மருத்துவருக்குக் கொடுக்கிறது. புகார் கொடுத்த நோயாளியைப் பற்றி அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை. பார்வையாளர் கதிரை இருக்கட்டும், அந்தப் பிரிவில் முறையிட்டவருக்கே கதிரை இல்லை.

தங்கையின் கதையை முடிக்கவேண்டும். ஒரு கிழமை கழித்து அவருக்குச் சொன்னேன். பெயர் வராது, மறைப்புத் திரை வேண்டுமென்றால் கேட்கலாம், சொல்ல முடியாத பகுதி வந்தால் கதவைச் சாத்தச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் சிலபேர் வந்து இருக்கத்தான் கூடும், அது உனக்கும் நல்லது. அவர் போனார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அவர்களே ஒழுங்கு செய்திருந்தார்கள். திரை கேட்கவில்லையாம். அன்று பின்னேரம் திரும்பி வரும்போது மரக்கறி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்படிப் போனது என்று கேட்டேன். அரை நாள் பேசினாராம், பிள்ளை பிறந்த இரவை முதலில் இருந்து கடைசி வரை. யாரும் குறுக்கே பேசவில்லையாம்.

பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஒருத்தரும் வரேல்லை அண்ணை. கதிரையெல்லாம் சும்மா கிடந்தது."

பயந்துகொண்டு போனவர், வெறும் கதிரைகளைப் பார்த்துவிட்டு வந்து குறைப்பட்டார்.

வரப்போகும் விசாரணைகளின் பட்டியலை என்.எம்.சி. தன் இணையதளத்தில் போடுகிறது. இப்போது பெரும்பாலானவை காணொளி வழியாக நடப்பதால் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போகக்கூடத் தேவையில்லை. பார்க்க விரும்புகிறேன் என்று முன்கூட்டியே எழுதினால் இணைத்துவிடுவார்கள். ஒலிப்பதிவு செய்யக் கூடாது, பேசக் கூடாது, அவ்வளவுதான். கட்டணம் இல்லை. தாதியாக இருப்பவர்கள் ஒரு நாள் போங்கள். பிள்ளை பெறப்போகிறவர்கள் போங்கள். அடுத்த மாதம் இதே மண்டபத்தில் சந்திக்கும்போது, போய் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று நான் கேட்பேன்.